விசில் ஊதுத மருமவனுக்கு

மருமவனே, உம்ம கூடைப்பந்து கோச்சிங்கைப் பத்தி ஊருக்குள்ள ஒரு குறையும் கிடையாது. பள்ளிக்கூடத்து மைதானத்துல நின்னு நீரு “பாஸ் பண்ணுலே”ன்னு ஒரு சத்தம் குடுத்தா, மெயின் ரோட்டுல டீ ஆத்துதவன் கை அப்படியே நின்னு போவுது. அந்தப் பாயிண்ட் கார்டு பையன் இருக்கானே, அவனைத்தான் மெச்சணும். பந்தைத் தட்டிக்கிட்டு மேல வரும்போது ரிங்கைப் பாக்கதில்ல, கூட ஆடுதவனையும் பாக்கதில்ல, உம்ம மூஞ்சியைத்தான் பாக்கான். பெரியவங்க மேல எவ்வளவு மரியாதை! ஒரு பந்தை விட்டுட்டான்னா, நீரு கூப்பிடுததுக்கு முன்னாலயே அவனா பெஞ்சைப் பாத்து நடக்க ஆரம்பிச்சிருதான். இந்தக் காலத்துல எந்தப் பிள்ளைக்கு வரும் இந்தப் பழக்கம்?

உமக்குச் சோடியா அமெரிக்காவுலயும் ஒரு ஆளு உண்டும். சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் டீமுக்கு கோச்சா இருந்த கிரெக் பாப்போவிச். ஏர்ஃபோர்ஸ் அகாடமியில படிச்ச மனுசன், தொண்டைக்குக் கேக்கணுமா? பேரன் செல்போனை என் கையில குடுத்துட்டுத் தூங்கிருதான், நானும் பழைய ஆட்டமாப் பாத்துக்கிட்டுக் கெடக்கேன்.

2001-ல டோனி பார்க்கர்னு 19 வயசுப் பையன் ஒருத்தன் பிரான்சுல இருந்து வந்தான். ஆடிக் காட்டுன்னு சொல்லி, லான்ஸ் பிளாங்க்ஸ்ங்கிற பழைய ஆட்டக்காரரை அவன் மேல ஏவி விட்டாங்க. அவரு இடிச்ச இடியில பையன் துவண்டு போயிட்டான். பாப்போவிச் கொஞ்ச நேரம் பாத்தாரு, வேண்டாம்னுட்டாரு. அங்கயும் நல்லவங்க நாலு பேரு இருந்திருக்காங்க. மல்லுக்கட்டி இன்னொரு தடவை பாக்க வச்சாங்க. புது ஆளுங்களை டீமுக்கு எடுக்குத டிராஃப்ட்டுல, அந்த வருசம் முதல் சுற்றுல கடைசி ஆளா, 28-வதா எடுத்தாங்க. சீசன் தொடங்கி அஞ்சாவது ஆட்டத்துலயே முதல் அஞ்சு பேருல அவனை எறக்கிட்டாரு பாப்போவிச். திட்டு மட்டும் கொறையல. தப்பு பண்ணினா மண்டையில அடிச்ச மாதிரி கத்துவாரு. ஆனா கத்திட்டு, பந்தைத் திரும்ப அவன் கையிலயே குடுப்பாரு. உமக்கு இந்த ரெண்டாவது பாதி மறந்து போச்சோ என்னவோ.

உம்ம பக்கத்து நியாயத்தையும் சொல்லிருதேன். பாப்போவிச்சுக்குப் பின்னால டிம் டங்கன் நின்னாரு, டேவிட் ராபின்சன் நின்னாரு. சின்னப் பையன் நாலு பந்தைத் தொலைச்சாலும் அந்த நெட்டையங்க ஆட்டத்தைத் தூக்கி நிறுத்திருவாங்க. பொறுமைசாலின்னு பேரு வாங்குத கோச்சுல பாதிப் பேருக்கு அந்தப் பொறுமையைக் குடுக்குதது டங்கன் மாதிரி ஒரு ஆளுதான். உம்ம டீம்ல நெட்டையன் கிடையாது, ஒத்துக்கிடுதேன்.

அதுக்காக பாப்போவிச் பார்க்கரை மடியில வச்சுத் தாலாட்டுனாருன்னு நெனைச்சிராதீரும். 2003 இறுதிப் போட்டியில நியூஜெர்சிகூட ஆறாவது ஆட்டம். கடைசிக் குவார்ட்டர்ல பார்க்கர் பெஞ்சுல, ஸ்பீடி கிளாக்ஸ்டன் கோர்ட்டுல. கப்பு வந்துருச்சு. மாலை வாடுமுன்னாலயே, தோத்த டீமோட பாயிண்ட் கார்டு ஜேசன் கிட்டை எங்க டீமுக்கு வாரும்னு கூப்பிட்டாங்க. தாலி கட்டுன கையோட அடுத்த தெருவுல பொண்ணு கேக்கப் போன கதைதான். கிட் வரலை. பார்க்கருக்கு 21 வயசு, மனசு என்ன பாடு பட்டிருக்கும்? ஆனா அடுத்த சீசன்லயும் பாப்போவிச் அதே இடத்துலதான் அவனை நிறுத்துனாரு. நேத்து உட்கார வச்சதை இன்னைக்குக் கணக்குல வைக்கல பாரும். (அந்த ஜேசன் கிட் பின்னால மில்வாக்கிக்கு கோச்சாகி, 2016-ல ஏழடி தொடுத யானிஸ்ங்கிற ஆட்டக்காரன் கையில பந்தைக் குடுத்து ஓட்டச் சொன்னாரு. இதை உம்ம டீம்ல உயரமான பயலுவகிட்டச் சொல்லிராதீரும், நாளைக்கே பந்து கேப்பான்.)

எனக்கு ரொம்பப் பிடிச்சது பார்க்கருக்கு அதுக்குப் பெறவு நடந்ததுதான். 2005-ல சிப் எங்கலண்டுன்னு ஒருத்தரை, எறியக் கத்துக் குடுக்கதுக்குன்னே கூட்டிட்டு வந்தாங்க. பார்க்கருக்கு மூணு பாயிண்ட் எறி சரியா வராது. நீரா இருந்தா, “தெனமும் ஐந்நூறு எறிலே”ம்பீரு. எங்கலண்டு அந்தத் தூரத்து எறியையே அநேகமா நிறுத்தச் சொல்லிட்டாரு. உள்ள புகுந்து போ, நடுவாந்தரத்துல இருந்து எறி, கையைச் சரி பண்ணுவோம், தூரமெல்லாம் பெறவு. 2005-06 சீசன்ல பார்க்கர் எறிஞ்சதுல 54.8 சதவீதம் உள்ள விழுந்திருக்கு. ஆறடி ரெண்டு அங்குலத்துக்காரன், மரம் மரமா நிக்குத ஆளுங்களுக்கு ஊடால! 2007-ல லெப்ரான் ஜேம்ஸோட கிளீவ்லாண்டை 4-0ன்னு தட்டினப்போ இறுதிப் போட்டியோட சிறந்த ஆட்டக்காரன் அவன்தான். ஐரோப்பாக்காரன் ஒருத்தன் அதை வாங்குனது அதுதான் முதல் தடவை. கடைசியில 2023-ல திட்டுனவரும் திட்டு வாங்குனவனும் ஒரே நாள்ல ஹால் ஆஃப் ஃபேம் போய்ச் சேர்ந்தாங்க.

இன்னொரு பையன், டி’ஆஞ்சலோ ரசல். 2015-ல ரெண்டாவது ஆளா லேக்கர்ஸ் எடுத்தாங்க. இருபது ஆட்டம் முடிஞ்சதும் கோச் பைரன் ஸ்காட் பெஞ்சுக்கு அனுப்பிட்டாரு. கோபி பிரையன்ட் விடைபெறுத வருசம் அது. டிக்கெட்டு வாங்குனவன் எல்லாம் கோபி எறியுததைப் பாக்க வந்தவன். கடைசி ஆட்டத்துல மட்டும் மனுசன் 50 தடவை எறிஞ்சாரு. பாயிண்ட் கார்டுக்கு வேலை, பந்தை எடுத்துப் பெரியவருகிட்டச் சேர்க்குதது. ஸ்காட்டை மட்டும் குத்தம் சொல்ல மாட்டேன். ஆனா 17 ஜெயம், 65 தோல்விங்கிற டீம்ல, சின்னப் பையன் தப்பு பண்ணிப் படிக்கட்டும்னு விட்டா என்ன குடி முழுகிப் போகும்? பெறவு ரசல் புரூக்ளினுக்குப் போனான். அங்க கோச் கென்னி அட்கின்சன் பந்தை அவன் கையில குடுத்தாரு, 2019-ல ஆல் ஸ்டார் ஆனான். வேடிக்கை என்னன்னா, அட்கின்சனும் பல ஆட்டத்துல கடைசிக் குவார்ட்டர்ல அவனை உட்கார வச்சு, டின்விட்டிங்கிற இன்னொருத்தனைத்தான் ஆட விட்டாரு. பெஞ்சு எல்லா ஊர்லயும் ஒரே பெஞ்சுதான் மருமவனே. மத்த மூணு குவார்ட்டரும் அவன் ஆட்டத்தை அவனே ஆடுனானாங்கிறதுல இருக்கு சூச்சுமம்.

சரி, ஞாயித்துக்கிழமை மேட்ச்சுக்கு நானும் வாரேன். ஆட்டம் தொடங்குததுக்கு முன்னால வெத்தலை மடிச்சுத் தாரேன், வாய் நெறையப் போட்டுக்கிடும். விசிலும் ஊத வராது, கத்தவும் வராது. துப்பணும்னா மைதானத்துக்கு வெளிய போயித்தான் துப்பணும். நல்லா நிதானமாத் துப்பிட்டு வாரும். அந்த நேரத்துல பையன் என்ன ஆட்டம் ஆடுதான்னு நான் பாத்துச் சொல்லுதேன்.