பழுதின் இடப்பெயர்ச்சி: ஸ்ரீவராகத்து வாசல்களை முன்வைத்து ஓர் ஆய்வு

எந்த நூலுக்கும் பாயிரம் வேண்டும். அதில் எல்லை, கேட்போர், பயன் உள்ளிட்ட எட்டையும் சொல்லிவிட வேண்டும் என்பது நன்னூல் விதி. இந்த ஆய்வின் எல்லை, திருவனந்தபுரம் ஸ்ரீவராகத்தில் ஒரு வீட்டு வாசலில் தொடங்கிச் சாலைக் கம்போளத்து நட்டு போல்ட் கடையில் முடிகிறது. கேட்போர், வண்டியைச் சுற்றிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பவர்கள். பயன் ஏதும் இல்லை. மீதி ஐந்தையும் வாசகர் ஊகித்துக்கொள்ளலாம்.

ஆய்வுப் பொருள் ஒரு ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். 1994-இல் சந்தைக்கு வந்த இனம், 97.2 சிசி, சிலிண்டரின் குறுக்களவு 50 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 49.5. கேஎல்-01 என்று தொடங்கும் நம்பர் பிளேட். பதினைந்து வருடப் பதிவுக்காலம் முடிந்து, ஐந்தைந்து வருடமாக ஆயுள் நீட்டிப்புப் பெற்று வாழ்கிற வண்டி. இந்தக் கம்பெனி முதலில் சிடி 100-ஐ விற்ற காலத்தில் வந்த விளம்பரம் வாங்குபவருக்கு மூன்று கட்டளை இட்டது: நிரப்பு, மூடு, மற. முதல் சொந்தக்காரர்கள் மூன்றாவது கட்டளையை அப்படியே சிரமேற்கொண்டார்கள். ஆயில் மாற்ற மறந்தார்கள், ஏர் ஃபில்டரை மறந்தார்கள், செயின் என்று ஒன்று இருப்பதையே மறந்தார்கள். செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவன் நினைவூட்டும் உத்தியோகத்தில் அமர்கிறான்.

முன்னாய்வுகள் இரண்டைக் குறிப்பிட்டாக வேண்டும். ராபர்ட் பிர்சிக் 1974-இல் வெளியிட்ட, ஜென்னையும் மோட்டார் சைக்கிள் பராமரிப்பையும் சேர்த்துத் தைத்த புத்தகம் முதலாவது. அதில் பிஎம்டபிள்யூ வைத்திருக்கும் நண்பருக்கு ஹேண்டில்பார் ஆடுகிறது. பீர் டின்னைக் கத்தரித்துத் தகடு செருகினால் சரியாகிவிடும் என்கிறார் கதைசொல்லி. நண்பருக்கு முகம் சுருங்கிப்போகிறது. இத்தனை விலை கொடுத்து வாங்கிய ஜெர்மன் வண்டியில் பீர் டின்னா! பிர்சிக் இளம் வயதில் காசிக்கு வந்து தத்துவம் படித்தவர். இன்னும் கொஞ்சம் தெற்கே இறங்கி ஸ்ரீவராகம் வரை வந்திருந்தால், இந்தச் சிக்கலுக்கு அவர் ஒரு வரிகூடச் செலவழித்திருக்க மாட்டார். இங்கே தகடு பவுடர் டின்னிலிருந்து வரும். யாரும் புண்பட மாட்டார்கள். பவுடர் தீரவில்லையே என்று மாமி மட்டும் கேட்பாள்.

இரண்டாவது, சே குவேரா. கேரளத்தில் சே முகம் இல்லாத சுவரைத் தேடத்தான் வேண்டும். ஆனால் 1952-இல் அவரும் ஆல்பெர்ட்டோ கிரனாடோவும் கிளம்பிய 1939 மாடல் நார்ட்டன் 500, சிலியைத் தாண்டாமல் படுத்துவிட்டது என்பதை எந்தச் சுவரும் எழுதுவதில்லை. வழியெல்லாம் கம்பி வைத்துக் கட்டியே ஓட்டினார்கள். தென் அமெரிக்காவின் மிச்ச தூரத்தை லாரியிலும் படகிலும் கடந்த பிறகே அவருக்குச் சமூகப் பார்வை விரிந்தது என்பதால், பழைய வண்டி ரிப்பேராவதற்கும் புரட்சிக்கும் உள்ள தொடர்பைத் தனியே ஆராயலாம். இங்கே இடமில்லை.

இனி மையக் கருத்து. மரபு கருதி அதை நூற்பாவாகவே யாத்திருக்கிறேன்:

பழுதெனப் படுவது பார்ப்பின் அழியாது
இடமே பெயரும் என்மனார் மெக்கானிக்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பழைய வண்டியில் ஒரு கோளாறு நீங்குவதில்லை, ஓரிடம் விட்டு இன்னோரிடம் குடிபோகிறது என்பதை உணர்த்துதல் நுதலிற்று. சான்று வருமாறு. வண்டி இழுக்கவில்லை, சைலன்சரில் நீலப் புகை. ஹெட்டைக் கழற்றி, போர் போட்டு, புதுப் பிஸ்டனும் ரிங்கும் மாட்டினால் என்ஜினுக்குப் பழைய வலு திரும்புகிறது. அந்த வலுவை இருபது வருடமாகப் பார்த்திராத கிளட்ச் பிளேட் வழுக்கத் தொடங்குகிறது. கிளட்ச் பிளேட்டை மாற்றினால் இழுப்பு முழுதும் செயினுக்கு வருகிறது. செயின் படபடவென்று அடிக்கிறது. செலவைக் குறைக்கச் செயினை மட்டும் மாற்றினால், பல் கூர்ந்துபோன பழைய ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைத் தின்றுவிடும். அதனால்தான் கடைக்காரர் ‘செட்டாத்தான் மாத்தணும்’ என்கிறார்; அவர் வியாபாரம் பேசவில்லை, இயற்பியல் பேசுகிறார். செட்டை மாற்றியதும் பின்சக்கரத்தில் கப்ளிங் ரப்பர் நசுங்கியிருப்பது தெரிகிறது. ஆக, சிலிண்டரில் புறப்பட்ட பழுது நாலு ஸ்டாப்பிங் நின்று பின்சக்கரம் வந்து சேர்ந்துவிட்டது. அங்கிருந்து பிரேக் லைனருக்கு வெகு தூரமில்லை.

இடப்பெயர்ச்சிக்கு வாகனம் எது? ஸ்ரீவராகத்தில் தண்ணீர்தான். கடலுக்குள் போன பூமியை மேலே தூக்கிவந்தவரே இங்கே லட்சுமியை மடியில் வைத்துக்கொண்டு கோயில் கொண்டிருக்கிறார். பக்கத்தில் பெரிய குளம். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் திரும்பி வந்து இன்னொரு மழை. காற்றில் சங்குமுகத்து உப்பு. ஸ்போக்ஸ் துருப்பிடிப்பதற்கு இதற்கு மேல் காரணம் வேண்டாம். ஆனால் சைலன்சர் வெளியிலிருந்து மட்டும் அழுகுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. நீண்ட தூரம் ஓடினால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். வீட்டிலிருந்து சாலைக்குப் போய்க் கத்தரிக்காய் வாங்கித் திரும்புகிற ஓட்டத்தில் சைலன்சர் சுடுவதற்குள் வீடு வந்துவிடும். ஆவி உள்ளேயே குளிர்ந்து தங்கிவிடும். வானம் வெறித்த நாளிலும் சைலன்சருக்குள் மழைதான்.

என்ஜினுக்கும் இதே கதி. ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். அடிப்பக்கத்தில் டிகிரி காப்பி நிறத்தில் ஒரு பசை ஒட்டியிருந்தால், ஆயிலோடு தண்ணீர் கலந்திருக்கிறது. மூடியில் மட்டும் என்றால் குறுகிய ஓட்டத்தின் விளைவு. வாரத்துக்கு ஒரு தடவை கோவளம் வரை ஓட்டினால் தெளிந்துவிடும். ஆயில் முழுதும் அந்த நிறம் என்றால் வெள்ளத்தில் நின்ற வண்டி. அதை ஆவேசமாகக் கிக்கரில் உதைக்கக் கூடாது. சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது அமுங்காது. வளைவது கனெக்டிங் ராடாக இருக்கும். பிளக்கைக் கழற்றிவிட்டு மெல்ல உதைத்துத் தண்ணீரைக் கொப்பளிக்க வைத்து, ஆயிலை வடித்து மாற்றிய பிறகே மற்றதெல்லாம்.

பெட்ரோல் டேங்க் தனி அத்தியாயம். இப்போது பங்கில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்து வைத்துக்கொள்ளும். அளவு மீறினால் இரண்டும் கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். மெயினில் ஓடும்வரை தெரியாது. ரிசர்வுக்குத் திருப்பியதும் குழாய் அடிமட்டத்திலிருந்து உறிஞ்சும், வண்டி நடுரோட்டில் நிற்கும். கார்ப்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் உள்ள வடி ஸ்க்ரூவைத் தளர்த்திக் கண்ணாடி டம்ளரில் பிடித்தால், அடியில் தனிப் படலமாக அது நிற்பதைக் காணலாம். அந்த டம்ளர் எதற்கு எடுக்கப்பட்டது என்று வீட்டில் கேட்பதற்குள் கழுவி வைத்துவிடுவது ஆய்வு நெறி.

டேங்கின் உட்புறத் துருவை நீக்குவோர் கவனிக்க: நட்டுகளைப் போட்டுக் குலுக்கி, துருவையெல்லாம் கொட்டி, பளபளக்க வைத்த பிறகு அடியில் ஊசி முனை ஓட்டைகள் கசியும். அதுவரை அடைத்துக்கொண்டிருந்தது அந்தத் துருதான். முதல் சூத்திரத்துக்கு இதைவிடச் சுருக்கமான நிரூபணம் கிடையாது. எம்-சீல் வாங்கச் சாலைக்குப் போகலாம். ராஜா கேசவதாசன் பதினெட்டாம் நூற்றாண்டில் அந்தக் கம்போளத்தை உண்டாக்கியபோது ஸ்ப்ளெண்டரை மனதில் வைத்திருக்க நியாயமில்லை. ஆனால் விளைவைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றுகிறது.

அடுத்து டேப்பெட். வால்வுக்கும் அதைத் தட்டும் கைக்கும் இடையே என்ஜின் ஆறிய நிலையில் 0.05 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும், தலைமுடியின் கனம்தான். ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினால் அது தடையின்றி வழுக்கவும் கூடாது, சிக்கிக்கொள்ளவும் கூடாது, லேசாக இழுபட வேண்டும். அந்த இழுபடுதலை எழுத்தில் சொல்ல முடியாது. இடைவெளி அதிகமானால் டக்டக்கென்று சத்தம் வரும், அவ்வளவுதான். குறைந்துபோனால் சத்தமே வராது. ஆனால் வால்வு முழுசாக மூடாமல் எரிந்து போகும். வாயாடி வால்வு பிழைக்கும், ஊமை வால்வு சாகும். இதை அறியாதவர்கள், சத்தம் நின்றதும் வேலை நன்றாக முடிந்ததாக நினைத்துப் பெருமைப்படுகிறார்கள்.

வாசலில் ஸ்டூல் போட்டு ஒருவன் உட்கார்ந்ததும் கூடும் சபையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். முதலில் வருபவர் எப்போதும் எதிர்வீட்டுக்காரர். “எந்தரு பற்றி, சாமீ?” என்பார். பதிலுக்குக் காத்திராமல், “பிளக்கு தன்னே” என்று தீர்ப்பு சொல்வார். இரண்டாமவர் கார்ப்புரேட்டர் கட்சி. மூன்றாமவர் பேசவே மாட்டார், கிக்கரைக் கையால் ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டுவார். அவர் ஆட்டுவதில்தான் விஷயம் இருக்கிறது. இவர்களில் யாரும் வெறும் வேடிக்கைக்காரர் இல்லை. ஒவ்வொருவரும் ஒரு காலத்தில் ஒரு பழைய வண்டி வைத்திருந்தவர். தன் வண்டியில் கடைசிவரை தீராத கோளாறையே உங்கள் வண்டியில் காண்கிறார். பழுது பாகம் விட்டுப் பாகம் மட்டுமல்ல, வண்டி விட்டு வண்டியும் தாவும் என்ற துணைச் சூத்திரம் இங்கிருந்தே பிறந்தது.

சபையின் தலைமை மட்டும் மாமியிடம் இருக்கிறது. “அம்பி, கோலத்துல ஆயில் சொட்டிண்டிருக்கு பார்.” பார்த்தால், ஐந்து புள்ளிக் கோலத்தில் ஆறாவதாகக் கறுப்பில் ஒரு புள்ளி. கியர் ஷாஃப்ட் ஆயில் சீல். ஒரு குழு ஆளுக்கொரு மாதிரி வாதாடிய கோளாறை மாமி ஒற்றை வாக்கியத்தில் கண்டுபிடித்துவிட்டாள். அதுவும் ஸ்பேனரைத் தொடாமல்.

பழுதை முற்றாக நீக்கும் வழியே கிடையாதா என்றால், ஒன்றே ஒன்று உண்டு. மோட்டார் வாகனத் துறையின் படிவம் 29, படிவம் 30. விற்றவரும் வாங்கியவரும் கையெழுத்திட்டால் பழுது அத்தனையும் ஆர்சியோடு சேர்ந்து வேறு பெயருக்கு மாறிவிடும். ‘நல்ல கண்டிஷன், வீட்டிலேயே பராமரித்தது’ என்று விற்பவர் சொல்வதில் பொய்யே இல்லை. இடம் மாறிய பழுது புது வாசலில் எத்தனை நாளில் தலைகாட்டுகிறது என்பதையும் இந்த ஆய்வில் சேர்ப்பதாகத்தான் இருந்தது. வாங்கியவர் போனை எடுப்பதில்லை.