கால்குலேட்டருக்கு வரன் பார்த்த கதை

சிங்கப்பூரில் ஏ லெவல் என்று ஒரு பரீட்சை இருக்கிறது, நம்ம பிளஸ் டூ மாதிரி. அதில் கணக்குப் பேப்பருக்கு, வரைபடம் போட்டுக் காட்டும் கால்குலேட்டரோடு பிள்ளைகள் ஜம்மென்று போய் உட்காருகிறார்கள். நம்ம சிபிஎஸ்இ-யிலோ கால்குலேட்டர் கூடாது என்று கணக்குத் தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிடுகிறார்கள். ஆகவே, அங்கே பரீட்சை முடித்த என் தம்பி மகளின் டிஐ-84 பிளஸ் சிஇ, திருவல்லிக்கேணியில் பதினொன்றாவது படிக்கும் என் மகளுக்கு எதற்கும் உதவாத பொக்கிஷமாக வந்து சேர்ந்தது. பரீட்சைக்கு உதவாது என்று தெரிந்ததும் அவளுக்கு அதன்மேல் தனிப் பாசம்.

"இதுல ப்ரோக்ராம் எழுதலாம்ப்பா. எந்த ஓஎஸ்ஸுல எழுதறதுன்னுதான் முதல்ல முடிவு பண்ணணும்."

எனக்கு உள்ளூரக் குஷி. காரணம், அதற்குள் இருக்கிற சிப், 1976-ல் வந்த இசட்80-இன் வாரிசு. நான் பாலிடெக்னிக்கில் 8085 கிட்டோடு மல்லுக்கட்டியவன். இரண்டும் பங்காளிகள். 8085-ல் 'எம்விஐ ஏ' என்கிற கட்டளையை இசட்80-ல் 'எல்டி ஏ' என்பார்கள். ஆனால் கீபேடில் அமுக்குகிற ஹெக்ஸ் கோட் இரண்டுக்குமே 3ஈ. இத்தனை வருஷம் ரேஷன் கார்டு நம்பர்கூட நிற்காத மண்டையில் அந்த 3ஈ மட்டும் பத்திரமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இப்ப எல்லாம் சி-லயே எழுதிடறாங்கப்பா, கொஞ்சம் நகருங்க, ஃபேன் காத்து வரலை" என்றாள்.

சரி, வரன்களைப் பார்ப்போம் என்று உட்கார்ந்தோம். முதல் வரன் ஹாலில் இருக்கிற விண்டோஸ். கால்குலேட்டருக்கு ஃபைல் அனுப்ப டிஐ கனெக்ட் சிஇ என்று கம்பெனியே ஒரு மென்பொருளை இலவசமாகத் தருகிறது. அது விண்டோஸுக்கு உண்டு, மேக்குக்கு உண்டு, லினக்ஸுக்குக் கிடையாது. கால்குலேட்டரில் நாம் புழங்கக் கிடைக்கும் ராம் 154 கேபி. ஹாலில் இருப்பதற்கோ 8 ஜிபி, அதாவது ஐம்பதாயிரம் மடங்குக்கும் மேலே. இருந்தும் அது எழுந்து உட்கார்வதற்குள் நான் காபி குடித்து டம்ளரையும் கழுவி வைத்துவிடுவேன். கால்குலேட்டர் ஆன் என்றால் ஆன்.

இரண்டாவது வரனை என் மைத்துனர் கொண்டுவந்தார். "மேக்தான் மாப்ளே ப்ரோக்ராமுக்கு. என்கிட்ட பழசு ஒண்ணு இருக்கு, உங்களுக்குன்னா குறைச்சுத் தரேன்." குறைத்த விலையைக் கேட்டதும் என் மனைவி அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ராமானுஜன் இங்க ஹனுமந்தராயன் கோயில் தெருவுலதானே குடியிருந்தார்? சிலேட்டுல கணக்குப் போட்டு முழங்கையால அழிப்பாராமே. அந்த சிலேட்டுல என்ன ஓஎஸ்?"

மைத்துனர் மேக்கைப் பற்றி அப்புறம் பேசவில்லை.

மூன்றாவது, அக்கா மகனுக்கு அரசு கொடுத்த இலவச மடிக்கணினி. 2011-ல் ஆரம்பித்த திட்டம். விண்டோஸோடு, நம்ம சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்த்தே வந்தது. பரண்மேல் கிடந்ததைத் தூசி தட்டி, பாஸுக்கே தாய்வீடான டெபியனில் புதுசாக ஒன்றை அதில் ஏற்றினாள். சி-யில் எழுதி, 'make' என்று ஒரு வார்த்தை தட்டினால், கால்குலேட்டருக்கான ஃபைல் அழகாக வந்து விழுந்தது. அனுப்புவதற்கு டில்ப் என்று ஆர்வலர்கள் எழுதிய மென்பொருள் இருக்கிறது. போட்டோம். அது மட்டும் போதாது, அனுமதியும் வேண்டும் என்று தெரிந்தது. யுஎஸ்பியைத் தொட தனியாக விதி எழுதி வைக்க வேண்டுமாம். சொந்த வீட்டில், சொந்தச் சாமானைத் தொட அனுமதி கேட்பது எனக்குப் பழகிய விஷயம்தான் என்பதால் நான் பதறவில்லை.

கேபிள் விஷயத்தில்தான் பதறினேன். இந்த கால்குலேட்டருக்கு மினி யுஎஸ்பி வேண்டும். பழைய டிஜிட்டல் கேமராவுக்கு இருக்குமே, அந்தத் தடித்த முனை. மேஜை டிராயரில் மைக்ரோ இருக்கிறது, டைப் சி இருக்கிறது, எந்த ஜன்மத்து போனுக்கோ சேர்ந்த குச்சி பின் சார்ஜர்கூட இருக்கிறது. ரிச்சி தெருவுக்கு நடந்தேன். "மினி" என்று நான் கேட்க, "மைக்ரோவா?" என்று அவர்கள் கேட்க, கடைசியில் ஒரு பையன் எங்கிருந்தோ ஒன்றைத் தேடி எடுத்துத் துடைத்துக் கொடுத்தான். "சார், மியூசியம் எதுவும் வெச்சிருக்கீங்களா?"

கேபிளைச் செருகி ஹால் விண்டோஸில் டிஐ கனெக்டைத் திறந்தால், கால்குலேட்டரின் ஓஎஸ்ஸுக்குப் புதுசு வந்திருக்கிறது என்றது. ஆமாம், அதற்கும் தனியாக ஒரு ஓஎஸ்! இவ்வளவு நாள் மாப்பிள்ளையைத் தேடினோமே தவிர, பெண்ணின் ஜாதகத்தை யாரும் பார்க்கவில்லை. அப்டேட் என்று கண்டால் அமுக்குகிற ஜாதி நான். கை மவுஸுக்குப் போவதற்குள் மகள் பிடுங்கிவிட்டாள். பரீட்சையில் தில்லுமுல்லு செய்ய வழி இருக்கிறது என்று, 2020-ல் அந்தக் கம்பெனி புது ஓஎஸ்களில் சி, அசெம்பிளி ப்ரோக்ராம்கள் ஓடுவதை நிறுத்திவிட்டதாம். அதை மீறி ஓட்ட ஆர்வலர்கள் குறுக்குவழி கண்டுபிடித்திருக்கிறார்கள், அது வேறு கதை. அமுக்கியிருந்தால் எங்கள் வீட்டில் நடந்திருக்கக்கூடியது அதைவிடப் பெரிய கதை.

உங்களுக்கும் இப்படி ஒரு யோகம் அடித்தால் சுருக்கமாகச் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்குவதானால் கேசியோ எஃப்எக்ஸ்-சிஜி50 பாருங்கள். செருகினால் பென் டிரைவ் போலத் திறக்கும், பைத்தானும் உண்டு, எந்த ஓஎஸ் என்ற பேச்சே வராது. டிஐ-யே வந்து சேர்ந்துவிட்டதா? எதில் வேண்டுமானாலும் எழுதுங்கள், விண்டோஸிலிருந்து அனுப்புங்கள், அப்டேட் கேட்கும் நேரத்தில் என் வயசு ஆட்களைக் கறிகாய் வாங்க அனுப்பிவிடுங்கள்.