கடை திறக்குமுன்

திசையன்விளையைச் சுற்றிக் காற்றாலைகள் சுழன்றாலும் கரண்டு போகத்தான் செய்யும். வந்தால் மிக்ஸிகூட ஓடும். என் லினக்ஸ் பெட்டியில் வி.பி.என். மட்டும் எழும்பாது. கையால் ஸ்டார்ட் கொடுத்தால் சமர்த்தாக ஓடும்.

லாக்கைப் புரட்டினேன். ரூட்டர் கண் விழிக்குமுன்பே வி.பி.என். தன் சர்வர் பெயரைச் சொல்லி முகவரி கேட்டிருக்கிறது. பதில் சொல்ல ஆளில்லை, படுத்துவிட்டது. கருக்கலிலேயே கருப்பட்டிக் கடை வாசலில் நின்று, "அண்ணாச்சி இல்லியா?" என்று திரும்பிய கதை.

சர்வீஸ் கோப்பு என் கைவண்ணம்தான். ஆஃப்டர் வரியில் 'நெட்வொர்க்.டார்கெட்' போட்டிருந்தேன். சர்வீஸ்களை எழுப்பிவிடும் சிஸ்டம்டியின் அகராதியில் அதற்கு நெட்வொர்க் வந்துவிட்டது என்று அர்த்தமில்லை. ஏற்பாடு தொடங்கிவிட்டது என்றுதான். தேர்தல் அறிக்கைத் தமிழ்! வரும்வரை காத்திருக்க 'நெட்வொர்க்-ஆன்லைன்.டார்கெட்' வேண்டும், ஆஃப்டரிலும் வான்ட்ஸிலும். மாற்றி எழுதி, ரீபூட் கொடுத்தேன்.

கரண்டு போய்விட்டது.