பயோடேட்டாவில் கோபுரம் ஏறியவர்

ஒரகடம் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் நண்பர் பேராசிரியர். பிரேக் பற்றி ஆராய்கிறார். பிரிட்டிஷ் கூட்டு நிதிக்கு விண்ணப்பிக்கப் போய் மாட்டிக்கொண்டார். கட்டுரைப் பட்டியல் வேண்டாமாம், தன்னைக் கதையாகச் சொல்ல வேண்டுமாம்.

2019-இல் லண்டன் ராயல் சொசைட்டி கிளப்பிவிட்ட வழக்கம் இது. அறிவுக்கு என்ன செய்தாய், ஆட்களை எப்படி வளர்த்தாய், ஆய்வுலகத்துக்கு என்ன, ஊருக்கு என்ன? நாலே கேள்வி. எண்ணிக்கையை வைத்து ஆளை எடைபோடாதே என்ற நல்ல எண்ணம்தான். ஆனால் நண்பருக்குத் தெரிந்த பயோடேட்டாவில் தந்தை பெயர், பிறந்த தேதி, கடைசியில் ‘மேற்கண்டவை யாவும் உண்மை’. அவ்வளவே. ‘நான்’ என்று எழுதவே கை கூசுகிறது. வளர்த்த ஆட்களோ கம்பெனி பஸ்ஸில் நைட் ஷிஃப்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

“பக்கத்து ஊர்க்காரரைப் பாருங்கள் சார்” என்றேன். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் மந்திரப் பொருள் கேட்டுத் திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்தார் என்பது மரபு. அதாவது, பதினேழு விண்ணப்பம் நிராகரிப்பு. கிடைத்ததையும் பூட்டி வைக்காமல் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார். நாலாவது கேள்விக்கு இதைவிட என்ன பதில் வேண்டும்? கட்டுரை மேற்கோள்களை எண்ணிச் சொல்லும் எச்-இண்டெக்ஸை யாரும் கேட்கவில்லை.

நண்பர் யோசித்தார். “எங்க காலேஜ்ல மொட்டை மாடிக் கதவு பூட்டியிருக்கே சார்!”

கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இதுவரை தந்தை பெயர் எழுதியாயிற்று.