மேம்பாட்டுத் திட்டச் செம்மல்

சர்வர் அறையைச் சார்ந்து வாழும் மனித வகைகளுள், ஒரே சர்வரில் பல மெய்நிகர் கணினிகளை இயக்கும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும் பொறுப்பை ஏற்று, அதற்கான திட்டத்தை ஆண்டுக்கணக்கில் செப்பனிட்டு வருபவரைத் திட்டச் செம்மல் எனலாம். இவரைச் சோம்பேறி என்பது பிழை. இவர் எழுப்பும் தடைகளுள் ஒன்றுகூடப் பொய்யன்று என்பதுதான் மேலதிகாரிகளின் துயரம்.

விஎம்வேரின் விஸ்பியர் தொகுப்பில், எல்லாச் சர்வர்களையும் ஓரிடத்திலிருந்து ஆளும் விசென்டரை முதலில் உயர்த்தி, அதன் பின்னரே ஒவ்வொரு சர்வரிலும் அமர்ந்திருக்கும் ஈஎஸ்எக்ஸ்ஐயைத் தொடுவது முறை. செம்மல் இதை மறுப்பதில்லை. ஆனால் விசென்டருக்கு முன் பேக்கப் மென்பொருள் புதிய பதிப்போடு ஒத்துப்போகுமா என்றும், அதற்கு முன் சேமிப்பகத்தின் ஃபர்ம்வேர் எந்நிலையில் உள்ளது என்றும் பின்னோக்கியே நடந்து, இறுதியில் ஏசியின் பராமரிப்பு ஒப்பந்தத்தில் போய் நிற்பார். 7ஆம் பதிப்பில், வன்பொருளோடு பேசும் நிரல்களான டிரைவர்களுள் பழைய லினக்ஸ் வழி வந்தவை கைவிடப்பட்டதால், இன்று உழைக்கும் நெட்வொர்க் கார்டு நாளை அடையாளம் தெரியாமல் போகலாம் என்று அவர் எச்சரிப்பதும் நியாயமே.

“ஸ்னாப்ஷாட் எடுத்துக்கொண்டு தொடங்கலாமே, சார்” என்று புதிதாகச் சேர்ந்த இளைஞர் சொல்லிவிட்டால் அன்றைய பிற்பகல் முடிந்தது. ஸ்னாப்ஷாட் என்பது மெய்நிகர் கணினியின் ஒரு கணத்து நிலையைப் பிடித்து வைப்பது மட்டுமே, மூல வட்டு கெட்டால் அதுவும் உடன் கெடும், ஆகவே அது பேக்கப் ஆகாது, 72 மணி நேரத்துக்கு மேல் அதை வைத்திருக்கவும் கூடாது என்று அவர் பிழையின்றி விளக்குவார். அவரே எடுத்துத் ‘தற்காலிகம்’ என்று பெயரிட்ட ஸ்னாப்ஷாட் ஒன்று மூன்றாம் ஆண்டாக வட்டைத் தின்றுகொண்டிருப்பது தனிக்கதை.

நாள் குறிப்பதில் இவர் கல்யாண வீட்டுப் பெரியவரையும் மிஞ்சுவார். வெள்ளி ஆகாது, ஏனெனில் சனியன்று உதவிக்கு ஆளில்லை. மாத இறுதியில் சம்பளக் கணக்கு. மார்ச்சில் ஆண்டுக் கணக்கு. இயங்கும் மெய்நிகர் கணினியை நிறுத்தாமலே அடுத்த சர்வருக்கு நகர்த்தும் விமோஷன் இருக்கிறதே என்றால், நகர்ந்து வருபவற்றைத் தாங்க அடுத்த சர்வரில் நினைவகம் இல்லை என்பார். உண்மையிலேயே இருக்காது, அதை வாங்கக் கோரும் கடிதம் அவருடைய திட்டத்தின் பிற்சேர்க்கையில்தான் உறங்குகிறது.

2021 பிப்ரவரியில் வெளியான பாதுகாப்புத் திருத்தத்தைப் போடாதிருந்த ஆயிரக்கணக்கான ஈஎஸ்எக்ஸ்ஐ சர்வர்கள் 2023 பிப்ரவரியில் பணயத் தாக்குதலுக்கு இரையாகி, அவற்றின் கோப்புகள் பூட்டப்பட்டபோது, செம்மலும் அதிர்ந்தார். அன்றே அபாயப் பட்டியலில் உரிய கட்டத்தை மஞ்சளிலிருந்து சிவப்பாக்கினார்.

6.7ஆம் பதிப்புக்கான பொது ஆதரவு 2022 அக்டோபரில் முடிந்தது. அதிலிருந்து 7க்குச் செல்லும் திட்டத்தில் கடைசிக் கையொப்பம் விழுந்த வாரத்தில், 2025 அக்டோபர் 2 அன்று, 7க்கான ஆதரவும் முடிந்தது. செம்மல் சலிக்கவில்லை. ஆவணத்தில் 7 வந்த இடமெல்லாம் 8 என்று மாற்றி, அதற்குப் புதிய பதிப்பு எண்ணும் இட்டு, பழைய திட்டத்துக்கே திரும்ப நேர்ந்தால் உதவுமென்று அதை மட்டும் உடனே, இரண்டு இடங்களில், பேக்கப் எடுத்து வைத்தார்.