கட்டத்துக்குள் நிற்காத எண்

அந்தக் காலக் கோட்டாற்று மொத்தக் கடைகளில் யார் பெரியவர் என்று கல்லாவைப் பார்த்து முடிவு செய்பவர் ஏமாந்து போவார். கல்லாவில் இருப்பவர் முதலாளி, அவ்வளவுதான். பெரியவர் உள்ளே, மிளகாய் வற்றல் மூட்டைக்கும் கொப்பரை நெடிக்கும் நடுவே, மூக்கு நுனியில் கண்ணாடியோடு பேரேட்டின்மேல் கவிழ்ந்திருப்பார். கணக்கப்பிள்ளை. பார்க்கப்போனால் அவர் வேலை அற்பம்: இந்த எண்ணை இந்தக் கட்டத்தில் போடு என்றால் போட வேண்டும். ஆனால் அவர் உடனே போட்டதாகச் சரித்திரமே இல்லை. முதலில் சிட்டையை வெளிச்சத்தில் பிடிப்பார். பிறகு ஒரு செருமல். அதற்கப்புறம்தான், “மொதலாளி, இது இதுல நிக்காதே!” செருமலின் நீளத்தை வைத்தே எத்தனை ரூபாய் உதைக்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

இந்தச் செருமலை வெறும் முசுட்டுத்தனம் என்று தள்ளுகிறவர்கள் கோட்டாறு அன்று இருந்த திருவிதாங்கூரின் நாணயத்தைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய். இதற்குமேல் பிரிட்டிஷ் ரூபாய் ஒன்று கடைக்குள் வந்துவிட்டால் அதற்கு 28 சக்கரம் 8 காசு. ஆக, காசுக் கட்டத்தில் 15-க்கு மேல் எதுவும் உட்காரக் கூடாது, சக்கரக் கட்டத்தில் 27-க்கு மேல் கூடாது. 20 காசு வந்தால் 4-ஐ மட்டும் அங்கே எழுதி, மிச்சத்தை ஒரு சக்கரமாக்கி அடுத்த கட்டத்துக்கு ஏற்ற வேண்டும். சுதந்திரத்துக்குப் பின் சக்கரம் செல்லாமல் போனது, 1957-இல் நயா பைசா வந்து எல்லாம் நூறுக்குள் அடங்கியது. நாணயம் போனாலும் செருமல் பரம்பரைச் சொத்தாகத் தங்கிவிட்டது.

இப்போது அந்த நாற்காலியில் கணினி உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளும் கட்டம் கட்டமாகப் பேரேடு உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் ‘யூஇன்ட்8அரே’ என்றொரு வகை. எண்களுக்கு மட்டுமேயான அணி, கட்டத்துக்கு எட்டு பிட், 0 முதல் 255 வரைதான் இடம். அதில் எண்ணைப் போட்டுத் தருகிற சேவகனிடம் 300-ஐக் கொடுங்கள். மறுபேச்சில்லாமல் 44 என்று எழுதிவிடுவான். 256 எங்கே? ஏற்ற வேண்டிய அடுத்த கட்டத்துக்கு அது போகவில்லை, மாயமாகிவிட்டது. எஞ்சியதை எழுதும் வித்தை நம்மவருடையதேதான். எடுத்ததை எங்கே வைத்தான் என்று கேட்டால்தான் திருடன் முழி. ஒன்று கடன் என்று -1 கொடுத்தால் 255 என்று பதியும். கடன்காரன் ஒரே நொடியில் தனவான். பத்துக் கட்டமுள்ள அணியில் பதினைந்தாவது கட்டத்தில் போடு என்றால் எங்கும் போடமாட்டான், போட்டேன் போடவில்லை என்றும் சொல்லமாட்டான். ஒரு வரிசையையே மொத்தமாக இறக்கும் ‘செட்’ மட்டும், இடம் போதாவிட்டால் பிழை என்று கத்தும். மூட்டைக்குக் கத்துகிறவன் மணிக்குக் கத்தமாட்டான்!

வேகத்துக்காகத்தானே இந்தப் பணிவு என்பார்கள். நியாயம்தான். ஆயிரத்துக்கு ஆயிரம் புள்ளியுள்ள ஒரு படத்தில், சிவப்பு, பச்சை, நீலம், ஒளிபுகுதன்மை என்று புள்ளிக்கு நான்கு வீதம் 40 லட்சம் கட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் கண்ணாடியைத் துடைத்துச் செருமினால் கல்யாணப் படம் வளைகாப்புக்குத்தான் வரும். படத்துக்கென்றே ‘கிளாம்ப்ட்’ என்ற இன்னொரு வகை இருக்கிறது. அது 300-ஐ 255-இல் நிறுத்திவிடும். நிறத்துக்கு அது போதும். வெள்ளைக்கு மேல் வெள்ளை கேட்டு யாரும் கடைக்கு வரப்போவதில்லை. பாக்குக் கணக்கில் அப்படி நிறுத்தினால் ஊர் சும்மா விடுமா?

அப்படியானால் எந்திரத்துக்கும் செருமக் கற்றுக் கொடுத்துவிடலாமே என்று அடுத்த கேள்வி வரும். கொடுத்தும் பார்த்தார்கள். 1996 ஜூன் 4 அன்று ஐரோப்பாவின் ஏரியான் 5 ராக்கெட் கிளம்பிய சுமார் 40 விநாடிகளில் சிதறியது. 64 பிட் எண் ஒன்றை 32,767-க்கு மேல் கொள்ளாத 16 பிட் கட்டத்துக்குள் திணித்ததுதான் வினை. எந்திரம் அங்கே பிழை என்று சொல்லத்தான் செய்தது. கேட்டு வழி செய்ய ஆள் வைக்கவில்லை. கோட்டாற்றுச் செருமல் பலித்ததற்குக் காரணம் பிள்ளைவாளின் தொண்டை மட்டுமா? கூப்பிடு தூரத்தில் முதலாளியின் காதும் இருந்தது.

கணக்கப்பிள்ளைமார் மட்டும் யோக்கியமா என்று கேட்கலாம். எல்லோரும் இல்லை. சில கட்டங்களில் காணாமல் போன சக்கரம் அவர் வீட்டு ஓடாக முளைத்திருக்கும். ஆனாலும் அந்தச் சக்கரம் ஓர் இடத்துக்குப் போயிருக்கிறது, கேட்டால் கோபமாவது வரும். சேவகன் விழுங்கிய 256-ஆல் பத்து பைசா ஆதாயம் யாருக்கு?

இன்னொன்றையும் பார்த்துவிடலாம். கட்டத்தில் எண்ணுக்குப் பதிலாக ‘நாளைக்குத் தாறேன்’ என்று எழுதச் சொன்னால், யூஇன்ட்8அரே அதையும் தட்டாமல் வாங்கி, 0 என்று பதிந்து கடனையே தள்ளுபடி செய்துவிடும். கணக்கப்பிள்ளையும் அதைத் தட்டமாட்டார். பற்றுவழியில் பெயர், தொகை, தேதி எல்லாம் எழுதி, ஓரத்தில் ‘நாளை’ என்றும் குறித்துக்கொள்வார். அந்த ஆள் தெருவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு செருமல் கேட்கும்.