ஆறடி செக்

குடும்ப வன்முறையைத் தடுக்க நிதி திரட்டும் விழா. சென்னையில் ஒரு ஏசி கல்யாண மண்டபம். ஆறு மணி என்று பத்திரிகையில் போட்டிருந்தார்கள். ஏழு மணிக்குக் குத்துவிளக்கு வந்தது. ஏழரைக்குத் தீப்பெட்டி வந்தது. எட்டரைக்குச் சிறப்பு விருந்தினர் வந்தார்.

வந்தவர்களுக்கெல்லாம் ஊதா டீ-ஷர்ட். நெஞ்சில் 'அடிக்காதே!' முதுகு முழுக்க ஸ்பான்சர்கள். ஒரு நகைக்கடை, ஒரு பட்டு மாளிகை, ஒரு மேட்ரிமோனி. பொருத்தம்தான். ஜாதகம் பார்த்துச் சேர்த்துவைக்கிறவர் ஒருவர். எத்தனை பவுன் என்று மாப்பிள்ளை வீட்டைக் கேட்கவைக்கிறவர் இன்னொருவர். பவுன் குறைந்து அடி விழுந்தால், டீ-ஷர்ட்டும் இவர்களே தருகிறார்கள்.

மேடையில் இருபத்திரண்டு பேர். பெண்கள் மூன்று பேர். ஒருவர் மைக் பிடித்தார். இரண்டு பேர் பொன்னாடைத் தட்டு பிடித்தார்கள். மீதிப் பேர் பொன்னாடை போர்த்திக்கொண்டார்கள்.

தலைவர் பேசினார். பெண்கள் நம் வீட்டுக் கண்கள் என்றார். கண்ணைச் சுற்றிக் கறுத்துப்போவதைப் பற்றித்தான் கூட்டம் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை போல. அடுத்தவர் பழமொழிக்காரர். 'அடிக்கிற கைதான் அணைக்கும்' என்றார். கைதட்டல். அடிக்காதே டீ-ஷர்ட் போட்ட கைகள்தான் தட்டின. சிறப்பு விருந்தினர் ஒரு படி மேலே போனார். "பெண்கள் கொஞ்சம் அனுசரித்துப் போனால் இந்த மாதிரி விழாவே தேவைப்படாது." அன்றைக்கு மேடையில் பேசப்பட்ட ஒரே நேர்மையான வாக்கியம் அதுதான்.

தேசியக் குடும்ப நல ஆய்வு, 2019-21. தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனிடம் வன்முறையை அனுபவித்தவர்கள். மண்டபத்தில் இருநூறு பெண்களாவது இருந்திருப்பார்கள். எழுபத்தைந்து பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடித்தவர்கள் எங்கே என்று தேடி அலைய வேண்டியதில்லை. பக்கத்து நாற்காலியில் பன்னீர் டிக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 2005இல் போட்டு, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. மனு வந்தால் மூன்று நாளில் முதல் விசாரணை, அதிலிருந்து அறுபது நாளில் முடிக்கப் பார்க்க வேண்டும் என்று அதில் எழுதியிருக்கிறது. 2022 ஜூலை 1 வரை நாடு முழுக்க நிலுவையில் 4.71 லட்சம் வழக்குகள் என்று உச்ச நீதிமன்றத்தில் கணக்குச் சொன்னார்கள். பெண்ணுக்கும் கோர்ட்டுக்கும் நடுவில் நிற்கவேண்டியவர் பாதுகாப்பு அலுவலர். மாவட்டத்துக்கு ஒருவர் என்று பிரித்தால் ஒரு தலைக்கு அறுநூறு வழக்கு. அந்த அலுவலர்களை ஆறு வாரத்தில் நியமியுங்கள் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் மாநிலங்களைப் பார்த்துச் சொன்னது. சட்டம் அமலுக்கு வந்து பதினெட்டரை வருஷம் கழித்து. அமலான அன்று பிறந்த குழந்தைக்கு ஓட்டுரிமையே வந்துவிட்டது.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகலாமே என்பீர்கள். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் தமிழ்நாட்டின் முதல் மகளிர் காவல் நிலையம் திறந்தபோது நாமும் பெருமைப்பட்டோம். இன்றைக்குப் போனால் எஃப்ஐஆர் கிடைக்காது, சி.எஸ்.ஆர். கிடைக்கும். புகார் வந்தது என்பதற்கு ஒரு ரசீது. கம்பெனிகளிடமும் ஒரு சி.எஸ்.ஆர். இருக்கிறது. லாபத்தில் இரண்டு சதவீதம் சமூகத்துக்கு. அங்கேயும் ரசீது உண்டு. இரண்டு சி.எஸ்.ஆரிலும் ரசீதுக்கு அப்புறம் எதுவும் நடப்பதில்லை.

இதில் ஒரு கூத்து. கம்பெனிகள் எதற்குச் செலவழிக்கலாம் என்று சட்டம் போட்டிருக்கும் பட்டியலில் பெண்களுக்கான இல்லங்கள், விடுதிகள் என்று பச்சையாகவே இருக்கிறது. மாரத்தான், விருது, விளம்பரம் போன்ற ஒருநாள் கூத்துகள் கணக்கில் சேராது என்று 2014 ஜூனிலேயே சுற்றறிக்கையும் வந்தாயிற்று. அதனால் என்ன? விழாவுக்கு 'விழிப்புணர்வு முகாம்' என்று பேர் வைத்தால் தீர்ந்தது.

அரசாங்கத்தை விட்டுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். பெண்கள் உதவி எண் 181க்குப் போன் பண்ணு என்று போஸ்டர் ஒட்டுகிற அதே அரசாங்கம் 2024-25இல் டாஸ்மாக்கில் 48,344 கோடி வருமானம் பார்த்தது. உண்டியல் நாம் குலுக்குகிறோம். குடிக்காதவன் அடிப்பதில்லையா என்று கேட்கலாம். அடிக்கிறான். ஃபில்டர் காபி குடித்துவிட்டு அடிக்கிறான்.

பொருளாளரைப் பிடித்தேன்.

"வசூல் எவ்வளவு சார்?"

"ஏழு லட்சம்."

"செலவு?"

"மண்டபம், சாப்பாடு, டீ-ஷர்ட், ஷீல்டு, ட்ரோன் கேமரா... ஆறே முக்கால்."

"மிச்சம்?"

"அதுதான் சார், தையல் மிஷின்."

தமிழ்நாட்டில் பெண்ணுக்கு என்ன கஷ்டம் வந்தாலும் தையல் மிஷின்தான். புருஷன் செத்தால் தையல் மிஷின். வெள்ளம் வந்தால் தையல் மிஷின். அடித்தால் மட்டும் வேறு என்ன கொடுப்பார்கள்?

ஏழு லட்சம் என்று எழுதிய தெர்மாகோல் செக் ஒன்றை ஆறு பேர் தூக்கிப் பிடித்தார்கள். ஆறடி நீளம். எந்த பேங்கிலும் செல்லாது. அதன் பக்கத்தில் 'பயனாளி' என்று ஒரு பெண்ணை நிறுத்தினார்கள். முப்பது வயசு இருக்கும். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்திருந்தார்.

"அக்கா, மிஷின் மேல கை வைங்க. கொஞ்சம் சிரிங்க" என்றார் போட்டோகிராபர். மூன்று தடவை.

கீழே இறங்கியதும் பேசினேன். "நான் ஏற்கெனவே டெய்லர்தான் சார். இருந்த மிஷினை வித்துத்தான் அவர் குடிச்சாரு" என்றார். வேண்டியது என்னவாம்? ஒரு ரூம். "அட்வான்ஸ் முப்பதாயிரம் கேக்குறாங்க. அதைக்கூடப் புரட்டிரலாம். வீட்டுக்காரர் எங்கன்னு கேக்குறாங்களே, அதுக்கு என்ன சொல்றது?" அதுவரைக்கும் தெரிந்தவர் வீட்டு வராந்தாவில் படுக்கை. அந்த வராந்தாவில் மிஷினை எங்கே வைப்பது என்று விழாக் குழுவில் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. ஏரியா பேரும் போட்டிருந்தார்கள். பொறுப்பாக, அவர் முகத்தை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். சேலையை மங்கலாக்கவில்லை. போன தீபாவளிக்கு அவன் எடுத்துக்கொடுத்த சேலை அது.